பெயர் உள்ளே, முகவரி வெளியே: ரூட்டுகளுக்குப் பெயர் வைப்பது பற்றி

வலைச் செயலி ஒன்றில் முகவரியை மாற்றுவது பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். "/போஸ்ட்/42" என்று இருக்கிறது, அதை "/கட்டுரை/42" என்று ஆக்க வேண்டும். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரூட்டுகள் இருக்கும் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினால் புதிய முகவரியில் பக்கம் வந்துவிடும். அப்புறம்தான் தெரியும், பழைய முகவரி எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. முகப்புப் பக்கத்தை உருவாக்கும் அச்சான டெம்ப்ளேட்டில் ஒன்று, மெனுவில் ஒன்று, படிவத்தைச் சேமித்தபின் எந்தப் பக்கத்துக்குப் போவது என்று சொல்லும் வரியில் ஒன்று, தேடல் முடிவில் ஒன்று.

முதல் தடவை இதைச் செய்தபோது நான் எடிட்டரின் தேடி மாற்றும் வசதியை நம்பினேன். "போஸ்ட்" என்று தேடினால், படிவங்களை அனுப்பும் போஸ்ட் முறை உட்பட, முகவரிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களும் சேர்ந்து வந்தன. எனவே ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். இருந்தும் இரண்டு இடங்கள் தப்பிவிட்டன. ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் முகவரியின் முன்பகுதியையும் எண்ணையும் ஒட்டிச் சேர்த்த ஒரு வரி. அந்த முன்பகுதி தரவுத்தளத்தின் அமைப்புகள் அட்டவணையில் இருந்து வந்தது, நிரலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று, யாராவது பின்னூட்டம் எழுதினால் கட்டுரை ஆசிரியருக்குப் போகும் மின்னஞ்சல். அதில் இருந்த லிங்கை அழுத்தியவர்களுக்கெல்லாம் பக்கம் இல்லை என்று சொல்லும் 404 வந்திருக்கிறது. சில நாள் கழித்து சர்வர் பதிவுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அவர்களில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. பக்கம் வரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு, வலைச் செயலி எழுத அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க்குகள் வெகுகாலம் முன்பே ஒரு விடை கண்டுபிடித்துவிட்டன. ரூட்டுக்குப் பெயர் வைப்பது. ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், சிம்ஃபனி, ஃபிளாஸ்க் எல்லாவற்றிலும் இது உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் இதை ஒரு சின்ன வசதி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அதற்குள் என்ன நடக்கிறது, எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு திசைகள்

ரூட் என்றால் பெரும்பாலும் ஒரு திசையைத்தான் யோசிக்கிறோம். உலாவியில் இருந்து முகவரி வருகிறது. ஃபிரேம்வொர்க் தன்னிடம் உள்ள வடிவங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துகிற ஃபங்ஷனிடம் ஒப்படைக்கிறது. "/கட்டுரை/42" வந்தால் கட்டுரையைக் காட்டும் ஃபங்ஷன், அதற்கு 42 என்ற எண் பராமீட்டர். இது உள்ளே வரும் திசை.

வெளியே போகும் திசை ஒன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டும்போது அதில் இன்னும் இருபது லிங்குகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டும். அதைக் கையால் எழுதினால், முகவரியின் வடிவம் ரூட் கோப்பில் ஒருமுறையும் டெம்ப்ளேட்டுகளில் இருபது முறையும் எழுதப்படுகிறது. ஒரே செய்தி இருபத்தோரு இடங்களில் இருந்தால், ஏதோ ஒரு நாள் அவற்றில் ஒன்று மற்றவற்றோடு முரண்படத்தான் செய்யும்.

பெயர் வைத்தால் இது ஒரே இடமாகிவிடுகிறது. "கட்டுரை/எண்" என்ற வடிவத்துக்கு "கட்டுரை.காட்டு" என்று ஒரு பெயர் தருகிறோம். டெம்ப்ளேட்டில் முகவரியை எழுதாமல், "கட்டுரை.காட்டு என்ற ரூட்டின் முகவரியைக் கொடு, எண் 42" என்று கேட்கிறோம். வடிவத்தைப் பார்த்து, எண்ணைப் பொருத்தி, முகவரியை ஃபிரேம்வொர்க்கே எழுதித்தருகிறது. நாளைக்கு வடிவம் மாறினால் இருபது லிங்குகளும் தானாக மாறும்.

ஜாங்கோவில் இந்தத் தலைகீழ் வேலையின் பெயரே ரிவர்ஸ். டெம்ப்ளேட்டில் அதற்கு யூஆர்எல் என்ற டேக். ஃபிளாஸ்கில் யூஆர்எல் ஃபார், லாராவெலில் ரூட் என்ற ஃபங்ஷன், சிம்ஃபனியின் ட்விக் டெம்ப்ளேட்டுகளில் பாத் என்றும் யூஆர்எல் என்றும் இரண்டு. ரெயில்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி ஃபங்ஷனையே உருவாக்கித் தந்துவிடுகிறது. ஆர்ட்டிகிள் என்று பெயர் வைத்தால் ஆர்ட்டிகிள் பாத், ஆர்ட்டிகிள் யூஆர்எல் என்று இரண்டு ஃபங்ஷன்கள் கிடைக்கும். நோட்.ஜேஎஸ் பக்கம் பிரபலமான எக்ஸ்பிரஸில் மட்டும் இந்த வசதி உள்ளமைவாக இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் தாங்களே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பெயர் இல்லாமல், ஃபங்ஷனையே அடையாளமாக வைத்தால் என்ன? ஜாங்கோ தொடக்கத்தில் அதையும் அனுமதித்தது. புள்ளி வைத்து எழுதிய பைதான் பாதையை ஒரு சரமாகக் கொடுத்தாலே முகவரி கிடைக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அந்தப் பாதையில் உள்ள மாட்யூலை ஜாங்கோ இம்போர்ட் செய்தாக வேண்டும். வெளியில் இருந்து வரும் சரம் ரிவர்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தால், எதிர்பாராத நிரல் ஓடும் அபாயம் உண்டு. 2014ல் இது பாதுகாப்புக் குறையாகவே அறிவிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. பிறகு அந்த வழக்கத்தைக் கைவிடும்படி சொல்லி, 2016ல் வந்த 1.10 பதிப்பில் முழுக்க எடுத்துவிட்டார்கள். அழகுக்காக வந்த வசதி என்று நாம் நினைக்கிற பெயர், பாதுகாப்பு காரணமாகவும் வலுப்பெற்றிருக்கிறது.

ரிவர்ஸ் உள்ளே என்ன செய்கிறது

இதை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. ஜாங்கோவையே எடுத்துக்கொள்வோம். செயலி தொடங்கியபின் ரூட் பட்டியலை ஒருமுறை படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெற்றுச் சட்டத்தைத் தயார்செய்து வைத்துக்கொள்கிறது. "கட்டுரை/", அப்புறம் ஒரு காலியிடம், அப்புறம் ஒரு சாய்கோடு. ரிவர்ஸ் என்று கேட்டதும் பெயரை வைத்து அந்தச் சட்டத்தை எடுத்து, நாம் கொடுத்த மதிப்பைக் காலியிடத்தில் போடுகிறது. அதோடு நிறுத்துவதில்லை. உருவான முகவரியை எடுத்து, அதே ரூட்டின் வடிவத்தோடு மறுபடி பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் நோரிவர்ஸ்மேட்ச் என்ற பிழையை எறிகிறது. அதாவது, திரும்பி வந்தால் தன்னாலேயே அடையாளம் கண்டுகொள்ள முடியாத முகவரியை அது வெளியே அனுப்புவதே இல்லை.

இந்தச் சோதனை தமிழில் தளம் நடத்துகிறவர்களை ஒரு இடத்தில் நேராகத் தாக்கும். கட்டுரையின் தலைப்பில் இருந்து எடுக்கும் ஸ்லக் என்ற சுருக்கப் பெயரை முகவரியில் வைப்பது வழக்கம். ஜாங்கோவின் பாத் வடிவத்தில் அதற்கென்றே ஸ்லக் என்ற கன்வெர்ட்டர், அதாவது காலியிடத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் விதி, இருக்கிறது. பெயரைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் போடுவோம். ஆனால் அது ஏற்பது ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு, அடிக்கோடு இவ்வளவுதான். "மழைக்காலம்" என்ற ஸ்லக்கைக் கொடுத்தால் ரிவர்ஸ் நோரிவர்ஸ்மேட்ச் என்று நின்றுவிடும். தரவுத்தள அட்டவணையை வரையறுக்கும் மாடலில் ஸ்லக் ஃபீல்டுக்கு யூனிகோடை அனுமதித்திருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் மாடலில் உள்ள அனுமதி வேறு, ரூட்டில் உள்ள கன்வெர்ட்டர் வேறு. ஸ்டிரிங் கன்வெர்ட்டருக்கு மாற்றினாலோ, சொந்தமாக ஒரு கன்வெர்ட்டர் எழுதினாலோ சரியாகிவிடும்.

அப்படி மாற்றியபின் ரிவர்ஸ் தரும் முகவரியைப் பார்த்தால் சிலர் திடுக்கிடுவார்கள். "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் ஆகிறது. மொத்தம் 45 எழுத்து. உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் "தமிழ்" என்று தெரிவது, எடுத்து ஒட்டினால் நீண்ட சங்கிலியாக வருவது இதனால்தான். இந்த மாற்றத்தை ஃபிரேம்வொர்க் சரியாகச் செய்துவிடுகிறது. கையால் முகவரியை ஒட்டிச் சேர்ப்பவர்கள்தான் இதை மறந்துவிடுவார்கள். ஸ்லக்கில் ஒரு கேள்விக்குறி வந்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பாதையில் சேராமல் வினவல் பகுதிக்குப் போய்விடும்.

கையால் எழுதுவதில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத செலவும் இருக்கிறது, கடைசிச் சாய்கோடு. ரூட் "/கட்டுரை/42/" என்று இருக்க, டெம்ப்ளேட்டில் யாரோ சாய்கோடு இல்லாமல் எழுதியிருந்தால், ஜாங்கோ வழக்கமாகச் சாய்கோடு சேர்த்த முகவரிக்கு ரீடைரெக்ட் செய்யும், அதாவது அங்கே போ என்று உலாவியைத் திருப்பி அனுப்பும். பக்கம் வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வருக்கு இரண்டு பயணம். படிவம் அனுப்பும் முகவரியில் இப்படி விட்டுப்போனால் நிலைமை மோசம். ரீடைரெக்டில் படிவத்தின் தரவு தொலைந்துவிடும். பெயரால் கேட்டால் இந்தப் பேச்சே எழாது.

சத்தமாக உடைவதும் சத்தமில்லாமல் உடைவதும்

பெயர் வைத்த ரூட்டின் மிகப் பெரிய பலன், என்னைக் கேட்டால், முகவரியை மாற்ற முடிவதுகூட இல்லை. தவறு உடனே வெளியே வருவதுதான். கையால் எழுதிய "/கட்டுறை/42" என்ற லிங்க் பிழையோடு மாதக்கணக்கில் கிடக்கும், யாராவது அழுத்தினால் மட்டும் 404. பெயரில் பிழை இருந்தால் அந்தப் பக்கமே திறக்காது. லாராவெல் அப்படி ஒரு ரூட் வரையறுக்கப்படவில்லை என்று சொல்லும், ஃபிளாஸ்க் பில்ட்எரர் என்று நிற்கும். தேவையான பராமீட்டரைத் தர மறந்தாலும் இதேதான். எழுதும்போதே முகத்தில் அடிக்கும் பிழை, எழுதியவரின் மேசையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆனாலும் சில சந்துகளில் சத்தம் வராது. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். லாராவெலிலும் ஃபிளாஸ்கிலும், ரூட்டில் இல்லாத பராமீட்டர் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் அது முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின்னால் போய் உட்காரும். பக்கம் எண், வரிசைப்படுத்தும் முறை போன்றவற்றுக்கு இது நல்ல வசதி. ஆனால் விருப்பப்பட்டால் தரலாம் என்று விடப்பட்ட ஒரு பராமீட்டரின் பெயரை நீங்கள் தப்பாக எழுதினால், பிழைக்குப் பதிலாகப் பொருளில்லாத ஒரு வால் முளைக்கும். ஜாங்கோ இந்த விஷயத்தில் கறார். பராமீட்டர்கள் பொருந்தாவிட்டால் முகவரியே கிடையாது. வினவல் பகுதியைச் சேர்ப்பதற்கு 2025ல் வந்த 5.2 பதிப்பில்தான் ரிவர்ஸுக்கு ஒரு தனி வழி வந்தது.

ஜாங்கோவிலும் ஒரு சந்து உண்டு. யூஆர்எல் டேகில் கிடைக்கும் முகவரியை "ஆஸ்" போட்டு ஒரு மாறியில் வாங்கிக்கொண்டால், பெயர் இல்லாவிட்டாலும் பிழை வராது, மாறி காலியாக இருக்கும். ஒரு ரூட் இருந்தால் மட்டும் லிங்கைக் காட்டு என்று எழுதுவதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் பழக்கத்தில் எழுதினால், லிங்கின் முகவரி வெறுமையாகி, அழுத்தினால் அதே பக்கம் மறுபடி திறக்கும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

ஒரே பெயர் இரண்டு ரூட்டுக்கு விழுந்தால்? ரெயில்ஸ் அந்தப் பெயர் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். ஃபிளாஸ்கில் பெயர் வைக்காவிட்டால் ஃபங்ஷனின் பெயரே ரூட்டின் பெயராகிறது, ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் வந்தால் அதுவும் நின்றுவிடும். லாராவெலில் வளர்ச்சிச் சூழலில் எல்லாம் ஓடும், வெளியிடும் நேரத்தில் ரூட் கேஷ் கட்டளையைக் கொடுக்கும்போது பெயர் இரட்டிப்பு என்று பிழை வரும். வெளியீட்டின் நடுவில் இதைச் சந்திப்பது இனிமையான அனுபவம் இல்லை. ஆகவே சோதனைகள் ஓடும் இடத்திலேயே அந்தக் கட்டளையையும் ஓட்டிவிடுவது நல்லது.

ஜாங்கோவில் ஒரே பெயரை இரண்டு ரூட்டுக்கு வைக்கலாம், பராமீட்டர்கள் வேறாக இருந்தால் அது முறையான பயன்பாடும்கூட. பராமீட்டரும் ஒன்றாக இருந்தால், ரிவர்ஸ் தருவது பட்டியலில் கடைசியாக உள்ள ரூட்டின் முகவரி. உள்ளே வரும் திசையிலோ முதலில் பொருந்துவதுதான் வெல்லும். ஒரே பட்டியலை ஒரு திசை மேலிருந்தும் இன்னொரு திசை கீழிருந்தும் பார்க்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெளியில் இருந்து எடுத்துப் போட்ட ஒரு ஆப் (ஜாங்கோவில் செயலியின் ஒரு பகுதி) "லாகின்" என்ற பெயரை வைத்திருக்க, உங்கள் ஆப்பும் அதே பெயரை வைத்திருந்தால், உள்நுழைவு லிங்க் எதிர்பாராத பக்கத்துக்குப் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்குத்தான் பெயர்வெளி. ஜாங்கோவில் ஆப்பின் பெயர், மேலும் கீழும் இரண்டு புள்ளி வைத்த முக்காற்புள்ளி, அப்புறம் ரூட்டின் பெயர். ஃபிளாஸ்கில் ரூட்டுகளின் குழுவான புளூபிரிண்ட்டின் பெயரும் ஒரு புள்ளியும். லாராவெலில் பெயருக்குள்ளேயே புள்ளி வைப்பது வழக்கம், குழுவுக்கு ஒரு முன்னொட்டுக் கொடுத்தால் உள்ளே உள்ள எல்லாப் பெயருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். ஆப் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முதல் நாளே பெயர்வெளியை வைத்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது என்றால் ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் தொட வேண்டியிருக்கும், தேடி மாற்றும் வேலையைத் தவிர்க்கத்தானே இதற்குள் வந்தோம்.

என்ன பெயர் வைப்பது

முகவரியைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். "/வலைப்பதிவு/பட்டியல்" என்ற முகவரிக்கு "வலைப்பதிவு-பட்டியல்" என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த வருடம் முகவரியைக் "/கட்டுரைகள்" என்று மாற்றினால், பெயர் பழைய முகவரியின் தழும்பாக நிற்கும். இரண்டு வருடம் கழித்து வரும் புதியவர் வலைப்பதிவு எங்கே என்று தேடுவார். அந்தப் பக்கம் எதைப் பற்றியது, என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயர் வைத்தால் அது முகவரியைவிட நீண்டநாள் வாழும். கட்டுரை.காட்டு, கட்டுரை.திருத்து, கட்டுரை.நீக்கு. முதலில் பொருள், பிறகு வினை. ரெயில்ஸும் லாராவெலும் ரிசோர்ஸ் என்று ஒரு வரி எழுதினால் ஒரு முழுத் தொகுப்பையே பெயரோடு உருவாக்கித் தருகின்றன. அந்த வரிசையைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. குழுவில் யார் வந்தாலும் கேட்காமலே பெயரை ஊகிக்க முடியும்.

பெயர் வந்தபின் அதை வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தத் தோன்றும். மெனுவில் இப்போது எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று காட்ட ரூட்டின் பெயரைப் பார்ப்பது நல்ல பழக்கம். "நிர்வாகம்" என்று தொடங்கும் பெயர்களுக்கெல்லாம் அனுமதி சோதிப்பது என்று போனால் அங்கே நான் தயங்குவேன். யாராவது பெயர் வைக்க மறந்த ஒரு நிர்வாகப் பக்கம் சோதனைக்கு வெளியே நின்றுவிடும். அனுமதியை ரூட்டிலோ குழுவிலோ நேரடியாகக் கட்டுவதே பத்திரம்.

டொமைன் தெரியாத இடம்

பக்கத்துக்குள் இருக்கும் லிங்குக்கு "/கட்டுரை/42" என்ற பாதை போதும், டொமைனை உலாவி சேர்த்துக்கொள்ளும். மின்னஞ்சலில் அப்படி முடியாது, முழு முகவரி வேண்டும். ரெயில்ஸ், சிம்ஃபனி இரண்டிலும் பாத், யூஆர்எல் என்று இரண்டு வகை இருப்பது இதற்குத்தான். கோரிக்கை ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது டொமைன் எது என்று ஃபிரேம்வொர்க்குக்குத் தெரியும். ஆனால் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் பின்னணி வேலையாகப் போகின்றன. அங்கே கோரிக்கையும் இல்லை, டொமைனும் இல்லை. ரெயில்ஸில் இணைக்க ஹோஸ்ட் இல்லை என்று வரும் பிழையை மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்த எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அமைப்பில் டொமைனை எழுதிவைப்பதே தீர்வு.

கோரிக்கையில் இருந்து டொமைனை எடுப்பதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எந்த டொமைன் வேண்டும் என்று கோரிக்கையோடு வரும் ஹோஸ்ட் என்ற ஹெடரை அனுப்புகிறவர் தன் விருப்பப்படி எழுதலாம். கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சலின் முழு முகவரி அந்த ஹெடரில் இருந்து உருவாகிறது என்றால், வேறொருவர் உங்கள் பெயரில் மீட்புக் கோரிக்கை அனுப்பி, தன் டொமைனை அதில் திணிக்க முடியும். உங்களுக்கு வரும் உண்மையான மின்னஞ்சலில் லிங்க் மட்டும் அவருடைய சர்வருக்குப் போகும். நீங்கள் அழுத்தினால் மீட்புச் சாவி அவர் கையில். ஜாங்கோவில் அனுமதித்த ஹோஸ்டுகளின் பட்டியல் என்ற அமைப்பு இருப்பது இதைத் தடுக்கத்தான். அதில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதித்து வைத்திருக்கும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றே மாற்றிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு எல்லை. ரூட்டின் பெயர் சர்வரில் இருக்கிறது, உலாவியில் ஓடும் நிரலுக்கு அது தெரியாது. எளிய வழி, சர்வர் டெம்ப்ளேட்டில் முகவரியை உருவாக்கி எச்டிஎம்எல் உறுப்பின் டேட்டா பண்பில் வைத்து, ஜாவாஸ்கிரிப்ட் அதை எடுத்துக்கொள்வது. பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும். பெரிய செயலிகளில் ரூட் பட்டியலையே உலாவிக்கு அனுப்பும் கருவிகள் உண்டு, லாராவெலுக்கு ஸிக்கி அப்படி ஒன்று. அதைப் போடும்போது எந்தப் பெயர்கள் வெளியே போகலாம் என்று வடிகட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகப் பக்கங்களின் முழு வரைபடமும் பக்கத்தின் மூலத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்கள்

எல்லா ஃபிரேம்வொர்க்கும் இதே வழியில் போகவில்லை. எலிக்ஸிர் மொழியில் எழுதப்பட்ட ஃபீனிக்ஸ், ரெயில்ஸைப் போலவே பெயர் வைத்த ஃபங்ஷன்களோடுதான் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் வந்த 1.7 பதிப்பில் திசை மாறியது. முகவரியை அப்படியே "/கட்டுரை/42" என்று எழுதுங்கள், முன்னால் ஒரு சின்னக் குறியீடு மட்டும் போடுங்கள், அது ரூட் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பைல் செய்யும்போதே நாங்கள் பார்த்துவிடுகிறோம் என்கிறது அது. இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும்.

இதில் நியாயம் இருக்கிறது. பெயர் என்பது இடையில் ஒரு திரை. டெம்ப்ளேட்டைப் படிக்கிறவருக்கு, இந்த லிங்க் எங்கே போகிறது என்று தெரிய ரூட் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கிறது. நேரடி முகவரியில் அது கண்ணெதிரே இருக்கிறது, பிழையும் பிடிபடுகிறது. ஆனால் முகவரியை மாற்றினால் எல்லா இடத்தையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். எந்த இடங்கள் என்று கம்பைலர் பட்டியல் போட்டுத் தரும், அவ்வளவுதான். எலிக்ஸிர் போன்ற கம்பைல் ஆகும் மொழிக்கு இது பொருந்துகிறது. பைதானிலும் பிஎச்பியிலும் பக்கம் ஓடும்போதுதான் பிழை தெரியும் என்பதால் அங்கே பெயரே சிறந்த காவல் என்பது என் கருத்து.

வெளியே உள்ளவர்களுக்குப் பெயர் தெரியாது

இதுவரை சொன்ன எல்லாமே செயலியின் உள்ளே. நான் மிகவும் கவலைப்படுவது வெளியே நடப்பதைப் பற்றி. பெயர் வைத்தபின் முகவரியை மாற்றுவது உண்மையிலேயே ஒரு வரி வேலையாகிவிடுகிறது. மாற்றியதும் தளம் முழுக்கச் சரியாக ஓடுகிறது, சோதனைகள் பச்சையாக இருக்கின்றன. அந்த நிம்மதியில் மறந்துபோகிற ஒன்று, பழைய முகவரி உங்கள் நிரலில் மட்டும் இல்லை என்பது. வாசகரின் புக்மார்க்கில் இருக்கிறது, தேடுபொறியில் இருக்கிறது, போன வருடம் அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கிறது, யாரோ அச்சிட்ட தாளில் கியூஆர் குறியாக இருக்கிறது. அங்கெல்லாம் இருப்பது முகவரி மட்டும்தான், "கட்டுரை.காட்டு" என்ற பெயர் இல்லை. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதினார். பெயர் வைத்த ரூட் வசதி அந்த வார்த்தைக்கு நேர் எதிரான ஒரு சபலத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

ஆகவே வடிவத்தை மாற்றும்போது பழைய ரூட்டை அழிக்காதீர்கள். பெயரைப் புதிய வடிவத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய வடிவத்தை ரீடைரெக்டாக நிறுத்துங்கள். அந்த ரீடைரெக்டும் பெயரைச் சுட்டட்டும், முகவரியைச் சுட்டவேண்டாம். ஜாங்கோவின் ரீடைரெக்ட்வியூவில் பேட்டர்ன் நேம் என்று இதற்கே ஒரு இடம் இருக்கிறது. இப்படிச் செய்தால், மூன்றாவது முறை முகவரி மாறும்போது முதல் முகவரி இரண்டாவதுக்குப் போய், இரண்டாவது மூன்றாவதுக்குப் போகும் சங்கிலி உண்டாகாது. இரண்டுமே நேராக இன்றைய முகவரிக்குப் போகும்.

ரீடைரெக்டின் எண்ணையும் கவனியுங்கள். நிரந்தர மாற்றத்துக்கு 301. ஆனால் லாராவெலின் ரூட் ரீடைரெக்டும் ஜாங்கோவின் ரீடைரெக்ட்வியூவும் நீங்கள் சொல்லாவிட்டால் தற்காலிகமான 302ஐத்தான் அனுப்பும். நிரந்தரம் என்று நீங்கள் எழுதிச் சொல்ல வேண்டும். படிவங்களோ வேறு செயலிகளோ தரவு அனுப்பும் முகவரி என்றால் 308. ஏனென்றால் 301ல் தரவு அனுப்பும் போஸ்ட் கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் ஆக மாறிவிடலாம், 308 முறையை மாற்றாது. 301ஐ உலாவிகள் நீண்டகாலம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், தவறான இடத்துக்கு ஒரு 301 போட்டுவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். சந்தேகம் இருக்கும்வரை சில நாள் 302 வைத்துப் பார்த்துவிட்டு மாற்றலாம்.

சோதனைகளில் என்ன எழுதுவது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. பலர் சோதனையிலும் ரிவர்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தின் உள்ளடக்கத்தையும் அனுமதியையும் சோதிக்கும்போது அது சரி. ஆனால் எல்லாச் சோதனையும் பெயரால் கேட்டால், யாராவது முகவரியைத் தெரியாமல் மாற்றினாலும் ஒரு சோதனைகூட விழாது. கேட்பதும் மாறுகிறது, கிடைப்பதும் மாறுகிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன. வெளியே உள்ளவர் பார்க்கும் முகவரியைச் சோதிக்க வேண்டுமானால் அவர் தட்டுவதைப் போலவே முழுப் பாதையையும் எழுத்தால் எழுத வேண்டும்.

நான் இப்போது ஒவ்வொரு செயலியிலும் ஒரு சாதாரண உரைக்கோப்பு வைத்திருக்கிறேன். தளம் இதுவரை வெளியே கொடுத்த எல்லா முகவரி வடிவத்துக்கும் அதில் ஒரு வரி உதாரணம், எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை இருந்தது என்ற குறிப்போடு. ஒரு சோதனை அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்து ஒவ்வொரு முகவரியையும் கேட்டுப் பார்க்கும். நேராக 200, அதாவது பக்கம் சரியாக வந்தது என்ற பதில், வர வேண்டும், அல்லது ஒரே ஒரு ரீடைரெக்டுக்குப் பின் 200 வர வேண்டும். வரிகளைச் சேர்க்கலாம், நீக்கக் கூடாது. "/போஸ்ட்/42" அதில் முதல் வரி.